கல்லை உடைக்காமல் உள்ளே ரத்தினம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? எக்ஸ்ரே, காமா, நியூட்ரான் பற்றி ஒரு விவாத இழை

பல்லாவரம்_கல்பைத்தியம் (இழையைத் தொடங்கியவர்)

காங்கேயம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளியே வந்த கல் ஒன்று இப்போது என் வீட்டு பால்கனியில் இருக்கிறது. எடை ஐந்து கிலோவுக்குக் குறையாது, குறுக்குக் கனம் 12 செ.மீ. வெங்கச்சாங்கல்லும் (குவார்ட்ஸ்) சதை நிற ஃபெல்ஸ்பார் கனிமமும் கலந்த பெக்மடைட், அதாவது பெரிய பெரிய படிகங்களாக உறைந்த பாறை. ஓரத்தில் கொஞ்சம் காக்காப்பொன். ஒரு பக்கத்தில் மட்டும் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு படிகம் எட்டிப் பார்க்கிறது. ஆறு பக்கம், நீலமும் பச்சையும் கலந்த நிறம், குறுக்கே மெல்லிய கீறல்கள். டார்ச் அடித்தால் வெளிச்சம் கொஞ்ச தூரம் உள்ளே போய் மங்கிவிடுகிறது.

பெரில் குடும்பம் (மரகதம், நீல அக்குவாமரின் எல்லாம் இதில் அடக்கம்) என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்குவாமரின் எடுத்த படியூர் சுரங்கம் இருந்த அதே வட்டாரம்தான். அக்குவாமரின் என்று சொல்லும் அளவுக்கு உள்ளே தெளிவு இருக்குமா, படிகம் எவ்வளவு ஆழம் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. அறுக்கலாம், ஆனால் வாள் தப்பான இடத்தில் இறங்கினால் அதோடு போச்சு.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் விசாரித்தேன். “டாக்டர் சீட்டு இல்லாமல் மனுஷனுக்கே எடுக்க மாட்டோம், கல்லுக்கா?” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் ரத்தினக்கல் தெரியுமா, தெரியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்

பாண்டியன் அவையில் ஒரு எக்ஸ்ரே மெஷின் இருந்திருந்தால் கண்ணகி சிலம்பை உடைத்திருக்கவே வேண்டாம். முத்தா மாணிக்கமா என்று பிலிமில் பார்த்து முடித்திருக்கலாம். மதுரையும் தப்பித்திருக்கும்.

தராசுத்தட்டு

சௌகார்பேட்டையில் கல் வியாபாரம். அப்பா காலத்திலிருந்து இதே தொழில்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உள்ளே கல் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விகூட இல்லை. நிறம் என்ன, சுத்தம் எப்படி, விரிசல் எங்கே ஓடுகிறது, இந்த மூன்றும்தான் விலை. எக்ஸ்ரே நிறத்தைக் காட்டுமா? காட்டாது. எங்கள் வழக்கம் என்னவென்றால், கச்சாக் கல்லின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் தேய்த்துத் திறப்போம், தண்ணீர் தடவி டார்ச் அடித்துப் பார்ப்போம், அப்புறம் விலை பேசுவோம். அதற்கு மேல் உள்ளே இருப்பது வாங்குகிறவர் அதிர்ஷ்டம்.

ஆனால் எக்ஸ்ரே எங்களுக்குப் புதிது இல்லை. முத்துக்கு அதுதான் கடைசித் தீர்ப்பு. வளர்ப்பு முத்தின் உள்ளே சிப்பி ஓட்டில் செய்த மணி இருக்கும். அதற்கும் மேலே படிந்த முத்துப் பூச்சுக்கும் நடுவே படத்தில் ஒரு கரிய வளையம் தெரியும். மன்னார் வளைகுடா முத்து என்று பாட்டி காலத்து மாலையைக் கொண்டுவருகிறவர்களுக்கு வெளியிலிருந்து பார்த்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. லேபுக்குத்தான் அனுப்புவேன். வைரமும் அப்படித்தான். அசல் வைரம் பிலிமில் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். வைரம் மாதிரியே செய்த க்யூபிக் ஜிர்கோனியா என்ற போலிக் கல் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும்.

கிண்டி_மாணவி

தராசு ஐயா சொன்னதில்தான் முழு இயற்பியலும் இருக்கிறது. வைரம் வெறும் கார்பன், அணு எண் 6. ஜிர்கோனியம் 40. குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே உறிஞ்சப்படுவது அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறும். அதனால் வைரம் கண்ணாடி ஜன்னல் மாதிரி, ஜிர்கோனியா சுவர் மாதிரி. ஆற்றல் ஏற ஏற இந்த அணு எண் விளையாட்டு அடங்கிப்போய், பொருளின் அடர்த்தி மட்டுமே கணக்கில் நிற்கும்.

இப்போது பெரிலைப் பாருங்கள். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன். குவார்ட்ஸ் என்றால் சிலிக்கானும் ஆக்சிஜனும். அடர்த்தி பெரிலுக்கு 2.7, குவார்ட்ஸுக்கு 2.65. உறிஞ்சும் அளவை அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு மூன்று, நான்குதான். அதுவும் பெரில்தான் கொஞ்சம் குறைவாக உறிஞ்சுகிறது! பெரிலியத்தின் அணு எண் வெறும் 4 அல்லவா. பல்லாவரம் அண்ணா, உங்கள் கல்லுக்கு எக்ஸ்ரே ரொம்ப மோசமான ஜோடி. பக்கத்தில் இருக்கும் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார்தான் படத்தில் எடுப்பாகத் தெரியும்.

பல்லாவரம்_கல்பைத்தியம்

அப்படியானால் மாணிக்கம் என்றால் தெரியுமா? என்னிடம் பளிங்குக்கல்லில் பதிந்த சின்ன மாணிக்கத் துண்டு ஒன்று இருக்கிறது, மியான்மர் சரக்கு.

கிண்டி_மாணவி

அது இன்னும் வேடிக்கை. மாணிக்கம் என்பது குருந்தம், அலுமினியம் ஆக்சைடு, அடர்த்தி 4. பளிங்கு என்பது கால்சைட், அடர்த்தி 2.71. இவ்வளவு கனமான கல் பளிங்குக்குள் இருந்தால் தெரியாமல் போகுமா என்றுதான் நினைப்போம். ஆனால் கால்சியத்தின் அணு எண் 20, அலுமினியத்துக்கு 13. கணக்குப் போட்டால் 40 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் பளிங்குதான் அதிகம் உறிஞ்சுகிறது. 100-இல் மாணிக்கம் அதிகம் உறிஞ்சுகிறது. நடுவில் 60-ஐ ஒட்டி இரண்டும் கிட்டத்தட்ட சமம். அந்த இடத்தில் படம் எடுத்தால் மாணிக்கம் பளிங்கோடு பளிங்காகக் கரைந்துவிடும்.

120 கிலோவோல்ட்டில் ஓடும் சாதாரண எக்ஸ்ரே குழாயின் சராசரி ஆற்றல் ஏறத்தாழ அதில் பாதிதான். ஆக ஸ்கேன் மையத்தில் உங்களை உள்ளே விட்டிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு வேறு ஆற்றலில் படம் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தெரியும். ஒன்றில் கருப்பாகவும் மற்றதில் வெளுப்பாகவும் புரளும் இடம்தான் குருந்தம். விமான நிலையத்தில் பையை ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று பிரித்துக் காட்டும் இயந்திரமும் இந்த இரட்டை ஆற்றல் முறையில்தான் ஓடுகிறது.

நாமக்கல் மாவட்டத்து சித்தம்பூண்டிக் குருந்தம் அனார்த்தசைட் பாறையில் வருகிறது (சந்திரயான்-2-க்காக நிலவு மண் மாதிரி தயாரித்தது அந்தப் பாறையில்தான்). அங்கே பளிங்கைவிடக் கால்சியம் குறைவு. அதனால் அந்தக் கல்லுக்குள் குருந்தம் ஓரளவு சுலபமாகவே தெரியும்.

அம்பத்தூர்_பிலிம்

நான் வெல்டிங் சோதனைக்காரன். பாய்லர், பைப்லைன் ஜாயின்ட்டுகளை ரேடியோகிராபி எடுப்பது பதினைந்து வருஷப் பிழைப்பு. கல்லுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம், ஆனால் அது பாறை ஆய்வுக்கான போர்வெல் துண்டுகள். ரத்தினம் தேடி யாரும் வந்ததில்லை.

முதலில் கனத்தைப் பாருங்கள். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒன்றரை செ.மீ. குவார்ட்ஸ் கதிரில் பாதியை விழுங்கிவிடும். 12 செ.மீ. என்றால் எட்டு முறை பாதியாக்க வேண்டும், வெளியே வருவது இருநூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதிலும் சிதறல் வேறு படத்தைப் புகைமூட்டமாக்கும். அதனால் நாங்கள் இரிடியம்-192 சோர்ஸுக்கு, அதாவது காமா கதிர் வீசும் உலோகத் துண்டுக்குப் போவோம். அதற்கு 12 செ.மீ. கல் என்பது ஏறத்தாழ 4 செ.மீ. இரும்பு. எங்களுக்கு அன்றாட வேலைதான்.

ஆனால் தங்கை சொன்ன மாதிரி, காமாவில் அடர்த்திதான் பேசும். எங்கள் வேலையில் பெனிட்ராமீட்டர் என்று ஒரு சின்னத் தகடு வைப்போம். மொத்தக் கனத்தில் 2 சதவீத வித்தியாசம் பிலிமில் தெரிந்தால் படம் பாஸ். உங்கள் கல்லுக்கு 2 சதவீதம் என்றால் 2.4 மி.மீ. உங்கள் பெரில் 2 செ.மீ. தடிமன் என்றே வைத்துக்கொள்வோம். அடர்த்தி வித்தியாசம் 2 சதவீதம். அதாவது வெறும் 0.4 மி.மீ. கல் கூடின மாதிரி. எந்தப் பிலிமிலும் தெரியாது சார்.

சும்மா_வந்தவன்

இரிடியமா! அண்ணே, கோபுரக் கலசத்தில் இருக்குமே, அரிசியை இழுக்குமே, கோடிக்கணக்கில் விலை போகுமே, அதுவா?

அம்பத்தூர்_பிலிம்

அந்தக் கதையால் நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாது. நாங்கள் பயன்படுத்துவது அணு உலையில் கதிரியக்கம் ஏற்றிய இரிடியம். அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகத் தேயும் காலம், 74 நாள். சுண்டுவிரல் நுனிகூட இல்லாத துண்டு, ஈயத்தைவிடக் கனமான கவசப் பெட்டிக்குள் இருக்கும். அதைக் கையில் எடுத்தவன் கையை இழப்பான். அரிசியை எல்லாம் இழுக்காது. கலசம் விற்க வருகிறவனைப் பார்த்தால் போலீஸுக்குப் போன் போடுங்கள்.

மட்டுறுத்துநர்

நடுவில் ஒரு வார்த்தை. பழைய மருத்துவ எக்ஸ்ரே குழாய் வாங்கி வீட்டிலேயே முயற்சி பண்ணலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். கூடாது. எக்ஸ்ரே கருவி எதுவானாலும் ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம் வேண்டும். உரிமம் ஒருபுறம் இருக்கட்டும், அடுக்குமாடி வீட்டில் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். இந்த இழையில் வீட்டு எக்ஸ்ரே செய்முறை எதுவும் பதியக் கூடாது.

தராசுத்தட்டு

இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆன்டெனா வைத்த துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் ஆன்லைனில் வருகிறது. வைரம், மரகதம், தங்கம் என்று பொத்தானை மாற்றினால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே காட்டுமாம். வாங்கி ஏமாந்தவர்கள் என் கடைக்கே வந்து புலம்பியிருக்கிறார்கள். நூறு மீட்டர் தூரத்து மண்ணுக்கடியில் இது மரகதம், இது கண்ணாடி என்று பிரித்துச் சொல்லும் கருவி உலகத்தில் கிடையாது.

கிண்டி_மாணவி

சுரங்கங்களில் நிஜமாகவே நடப்பதைச் சொல்கிறேன். போட்ஸ்வானாவின் கரோவே வைரச் சுரங்கத்தில் பாறைத் துண்டுகளை பெல்ட்டில் ஓடவிட்டு, எக்ஸ்ரே ஊடுருவலைப் பார்த்து, கார்பன் மாதிரித் தெரியும் துண்டைக் காற்றால் ஊதித் தள்ளிப் பிரிக்கிறார்கள். 2015-இல் கிடைத்த லெசெடி லா ரோனா, 1,109 காரட், இந்த முறையில் வந்ததுதான். 2024-இல் அதே சுரங்கத்தில் 2,488 காரட் கல் ஒன்று. ரத்தினத் தர வைரங்களில் 1905-இல் கிடைத்த கல்லினன் வைரத்துக்கு (3,106 காரட்) அடுத்தது இதுதான்.

அதற்கு முன்னாலும் எக்ஸ்ரே இருந்தது, ஆனால் வேறு விதத்தில். எக்ஸ்ரே பட்டதும் வைரம் மினுங்கும். அந்த மினுக்கைப் பிடித்துப் பிரிப்பார்கள். சிக்கல் என்னவென்றால் மிகச் சுத்தமான டைப் 2ஏ வைரங்கள் பல நேரம் சரியாக மினுங்காது. பெரிய கற்களில் பல அந்த வகைதான். மினுங்காத பெரிய கல் குப்பையோடு குப்பையாக அரவை இயந்திரத்துக்குள் போய் நொறுங்கும். லெசெடி லா ரோனாவிலிருந்தே 374 காரட் துண்டு ஒன்று தனியாக உடைந்திருந்தது. அரைப்பதற்கு முன்பே பார்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

இதைவிட ஆச்சரியம் ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் செய்யும் மின்பெட் (MinPET) முறை. மருத்துவமனை பெட் (PET) ஸ்கேனின் அதே தத்துவம்தான், ஆனால் நோயாளி பாறை. உயர் ஆற்றல் காமா கதிரைப் பாய்ச்சினால் கார்பன்-12 ஒரு நியூட்ரானை உதறிவிட்டுக் கார்பன்-11 ஆகும். இதற்குக் குறைந்தது 18.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். கார்பன்-11 இருபது நிமிட அரைவாழ்வில் பாசிட்ரானை விட்டுச் சிதையும். ஒவ்வொரு சிதைவிலும் எதிரெதிர்த் திசையில் இரண்டு 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா. பாறையில் உள்ள ஆக்சிஜனும் இதே மாதிரி மாறும், ஆனால் அதற்கு இரண்டு நிமிட அரைவாழ்வுதான். அரை மணி நேரம் காத்திருந்தால் அது ஓய்ந்துபோய்க் கார்பன் மட்டும் பேசும். கார்பன் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே வைரம்.

பல்லாவரம்_கல்பைத்தியம்

படிக்கப் பிரமாதமாக இருக்கிறது தங்கை. ஆனால் என் கல்லில் கார்பன் இல்லையே. பெரிலியத்துக்கு இந்த மாதிரி தனி வழி எதுவும் உண்டா?

அணுபுரம்_ஓய்வு

உண்டு. கல்பாக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இனிமேலும் சும்மா இருக்க முடியவில்லை.

தனிமங்களில் பெரிலியத்துக்கு ஒரு விசித்திர குணம். அதன் நியூட்ரான்களில் ஒன்று ரொம்பத் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1.67 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமா பட்டாலே நியூட்ரானைக் கக்கிவிடும். பாறையில் சாதாரணமாக இருக்கும் மற்ற தனிமங்களுக்கு இதைப்போலப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். ஆன்டிமனி-124 என்ற ஐசோடோப் 1.69 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமாவைத் தருகிறது. வாசலுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். ஆக அந்தச் சோர்ஸைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்து, நியூட்ரான் வருகிறதா என்று எண்ணும் கருவியில் பார்த்தால் போதும். வந்தால் பெரிலியம் இருக்கிறது. 1960-களில் பெரிலியத் தாது தேடிய புவியியலாளர்கள் இந்தக் கருவியைக் களத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். சோர்ஸின் அரைவாழ்வு 60 நாள், அதனால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அது ஒரு தொல்லை.

இது படம் தராது, இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். மரகதம், அக்குவாமரின், அலெக்சாண்ட்ரைட் எல்லாவற்றிலும் பெரிலியம் உண்டு. நகையாகாத மங்கல் பெரிலிலும் அதே அளவு உண்டு. தராசு ஐயாவின் கேள்விக்கு இதிலும் பதில் கிடைக்காது.

படம் வேண்டுமென்றால் நியூட்ரான் ரேடியோகிராபி. எக்ஸ்ரே அணுவின் எலக்ட்ரான்களோடு மோதும். நியூட்ரான் நேராக அணுக்கருவோடு மோதும். அதனால் வரிசையே வேறு. ஈயத்தைச் சுலபமாகக் கடக்கும், தண்ணீரிலும் போரானிலும் மாட்டிக்கொள்ளும். பெரிலுக்கும் குவார்ட்ஸுக்கும் எக்ஸ்ரேயில் மூன்று, நான்கு சதவீதம் என்றார் அந்தப் பெண். நியூட்ரானில் எனக்கு வந்த கணக்கு ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். அது நன்றாகவே தெரியும். அப்புறம் டூர்மலின் என்ற ரத்தினக்கல். ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று போரான் அணுக்கள். குவார்ட்ஸுக்குள் டூர்மலின் இருந்தால் நியூட்ரான் படத்தில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசத்தோடு மை கொட்டின மாதிரி நிற்கும்.

கல்பாக்கத்தில் இதற்கென்றே காமினி என்ற சின்ன அணு உலை இருக்கிறது. 1996-இல் இயங்கத் தொடங்கியது. 30 கிலோவாட் மட்டுமே. எரிபொருள் யுரேனியம்-233, அதாவது தோரியத்திலிருந்து பிறந்தது. விண்வெளித் துறையின் வெடிமருந்துச் சாதனங்களை உலோக உறையைத் திறக்காமலே சோதித்துக் கொடுத்த இடம் அது. உலோகத்துக்குள் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டாது, நியூட்ரான் காட்டும்.

ஆசையைக் கிளப்பிவிட்டேன், தெரிகிறது. பையில் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிற்கக் கூடிய இடம் இல்லை அது. பல்கலைக்கழக ஆய்வு என்ற வழியில் யாராவது முறையாகக் கேட்டால் ஒருவேளை பேசிப் பார்க்கலாம். பால்கனிக் கல்லுக்கு நடக்காது.

சும்மா_வந்தவன்

சந்தேகம் அம்மா. இப்படிக் கதிர் அடித்த கல்லை மோதிரத்தில் போட்டால் விரல் என்னாவது?

அணுபுரம்_ஓய்வு

எக்ஸ்ரேயும் இரிடியம் காமாவும் கல்லில் கதிரியக்கத்தை உண்டாக்காது. சுவிட்சை அணைத்தால் வெளிச்சம் போவது போலத்தான். நியூட்ரான் அப்படி இல்லை, கல்லில் உள்ள தனிமங்களைக் கொஞ்ச காலத்துக்குக் கதிரியக்கமாக்கிவிடும். அலுமினியம் இரண்டேகால் நிமிட அரைவாழ்வோடு ஓய்ந்துவிடும். மாங்கனீசுக்கு இரண்டரை மணி. ஃபெல்ஸ்பாரில் சோடியம் இருந்தால் 15 மணி. கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்து, அளந்து பார்த்துத்தான் வெளியே தருவார்கள். கடையில் விற்கும் அடர்நீல டோபாஸ் பல உலையில் நியூட்ரான் வாங்கி நிறம் மாறியவைதான். அவற்றையும் அடங்கும்வரை காக்கவைத்துத்தான் விற்கிறார்கள்.

கதிரால் நிறம் மாறும் பயமும் இருக்கிறது. ஒரு படம் எடுப்பதற்கான அளவில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் மணிக்கணக்கில் நுண் சிடி ஸ்கேன் எடுத்தால் சில வெளிறிய நீலக்கற்கள் மஞ்சளாகும். அந்த மஞ்சள் வெயிலில் வைத்தால் போய்விடும். குன்சைட் (இளஞ்சிவப்பு ரத்தினக்கல்) மாதிரிக் கற்களை நான் நீண்ட ஸ்கேனுக்குக் கொடுக்க மாட்டேன்.

தராசுத்தட்டு

> அந்த மஞ்சள் வெயிலில் வைத்தால் போய்விடும்

இது எங்கள் தொழிலில் பெரிய தலைவலி அம்மா. கதிர் காட்டி மஞ்சளாக்கிய நீலக்கல்லைப் புஷ்பராகம் என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கினவர் ஜன்னல் ஓரம் வைத்ததும் வெளிறிவிடும். நான் சந்தேகக் கல்லை நாள் கணக்கில் மொட்டை மாடி வெயிலில் போட்டுத்தான் வாங்குகிறேன்.

அம்பத்தூர்_பிலிம்

பல்லாவரம் சார், எனக்கு ஒரு யோசனை. படிகத்தைத் தேடாதீர்கள், பொந்தைத் தேடுங்கள்.

போர்வெல் துண்டுகளைக் கொண்டுவந்த புவியியல்காரர் ஒருவர் அப்போது சொன்னது நினைவிருக்கிறது. பெக்மடைட்டில் இறுகின கல்லுக்குள் வளரும் படிகம் பெரும்பாலும் மங்கலாக, விரிசலோடு இருக்கும். சுத்தமான படிகம் வெற்றிடத்தில்தான் வளரும், நெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால். உங்கள் படிகத்தின் மறுமுனை ஒரு பொந்தில் முடிகிறதா என்று பாருங்கள். பொந்து தெரிவது எங்களுக்கு அல்வா. வெல்டில் நாங்கள் தேடுவதே காற்றுக்குமிழியைத்தானே. 12 செ.மீ. கல்லில் ஒன்றரை செ.மீ. பொந்து இருந்தால் 12 சதவீத வித்தியாசம், பிலிமில் கரும் திட்டாக விழும்.

எங்கள் கம்பெனியில் முறைப்படி ஜாப் ஆர்டர் போட்டுக் கொடுங்கள். மேலாளரிடம் பேசிவிட்டேன், சிரித்தார், ஆனால் சரி என்றார். இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டும், ஒன்று நேராக, இன்னொன்று கல்லைத் தொண்ணூறு டிகிரி திருப்பி. ஒரே படத்தில் ஆழம் தெரியாது. விரிசலும் அப்படித்தான், கதிர் போகும் திசையோடு ஒத்து ஓடினால்தான் கோடாகத் தெரியும். குறுக்கே ஓடும் விரிசல் படத்தில் இல்லவே இல்லை என்று தோன்றும்.

கிண்டி_மாணவி

சபாஷ் அண்ணா. காற்றுக்கு எதிரே வைத்தால் எந்தக் கல்லும் தெரியும், குவார்ட்ஸா பெரிலா என்ற பேச்சே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். பெக்மடைட் பொந்துகள் பல களிமண் அடைத்திருக்கும். அது கல்லைவிட லேசு என்பதால் கரும் திட்டாகத்தான் விழும், ஆனால் காலிப் பொந்து அளவுக்குக் கருக்காது.

பல்லாவரம்_கல்பைத்தியம்

போய் எடுத்தாயிற்று. கல்லை ஒப்படைத்துவிட்டு வெளியே நின்றோம், அந்த வளாகத்துக்குள் எங்களை விடவே இல்லை. சரிதான்.

பிலிமை வியூவரில் வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன். நாங்கள் எதிர்பார்த்தபடியே பெரில் தெரியவில்லை. வெளியே எட்டிப் பார்க்கும் முனை மட்டும் ஓரத்தில் நிழலாக இருக்கிறது, கல்லுக்குள் நுழைந்ததும் தடமே இல்லை. ஃபெல்ஸ்பார் எது, குவார்ட்ஸ் எது என்றும் பிரிக்க முடியவில்லை. மூன்று விஷயம் தெரிகிறது. ஒன்று, கல்லின் அடிப்பக்கத்தில் மிளகு தூவின மாதிரி பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகள். இரண்டு, மேலிருந்து சாய்வாக இறங்கும் மெல்லிய கருங்கோடு, ஒரு படத்தில் மட்டும். மூன்று, இரண்டு படத்திலும் இருக்கும் கரும் திட்டு. நடுவிலிருந்து கொஞ்சம் பின்பக்கம் தள்ளி, எலுமிச்சை விதை வடிவத்தில், நீளம் 3 செ.மீ. இருக்கும். வெளியே தெரியும் படிகத்தை அதே கோணத்தில் நேராக நீட்டினால் அந்தத் திட்டின் விளிம்பில் போய் முட்டுகிறது.

வெள்ளைப் புள்ளிகள் என்ன? அதுதான் ரத்தினமோ?

அணுபுரம்_ஓய்வு

பளிச்சென்று தெரிவது விலை உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கார்னெட்டாக இருக்கலாம், மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கலாம், பெக்மடைட் என்பதால் கொலம்பைட் என்ற கனமான தாதுவாகவும் இருக்கலாம். அடர்த்தி 4-க்கு மேலே உள்ள எதுவும் அப்படித்தான் விழும். அடிப்பக்கம் தேய்ந்த இடத்தில் ஒரு நல்ல காந்தத்தை வைத்துப் பாருங்கள். இழுத்தால் மேக்னடைட்.

பல்லாவரம்_கல்பைத்தியம்

காந்தம் ஒட்டவில்லை. லென்ஸில் பார்த்தால் புள்ளி ஒன்று கருஞ்சிவப்பாக இருக்கிறது, முகங்கள் உருண்டையாக. கார்னெட் என்றுதான் தோன்றுகிறது. நகைக்கு ஆகாத சின்னது.

தராசுத்தட்டு

தம்பி, கார்னெட்டை விடுங்கள். அந்தக் கரும் திட்டுக்கு என்னிடம் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. அறுக்கும் வழியைச் சொல்கிறேன்.

படிகம் தெரியும் பக்கத்தைத் தொடாதீர்கள். பின்பக்கத்திலிருந்து, பிலிமில் அளந்த இடத்துக்கு 2 செ.மீ. முன்னாலேயே வாளை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அதே மாதிரி ஒரு வெட்டு. மிச்சத்தை உளியால் தட்டித் திறக்க வேண்டும். பொந்தின் சுவர் எப்போதும் பலவீனமாக இருக்கும், அதுவே பிளந்து கொடுக்கும். அந்தச் சாய்வுக் கோடு விரிசல் என்றால் தட்டும்போது அந்த வழியாகத்தான் கல் பிரியப் பார்க்கும், அதனால் உளியை அதற்குக் குறுக்கே வைக்காதீர்கள்.

வைரப் பொடி பதித்த வாளாக இருக்கட்டும், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். வெங்கச்சாங்கல் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போன பட்டறைக்காரர்களை எனக்குத் தெரியும். பெரில் தூசியும் நல்லது இல்லை.

அம்பத்தூர்_பிலிம்

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள் சார். சோர்ஸ் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால் பிலிமில் எல்லாமே நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழும். பிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெரிதாகும். ஸ்டிக்கரில் சோர்ஸ் தூரம் எழுதியிருக்கிறேன், அதை வைத்துக் கணக்குப் போட்டு விகிதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேராக ஸ்கேலை வைத்து அளந்தால் வாள் தள்ளித்தான் இறங்கும்.

பல்லாவரம்_கல்பைத்தியம்

கணக்குப் போட்டுக் கல்மேல் மார்க்கரால் கோடு கிழித்துவிட்டேன். அறுக்கும் பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார். தராசு ஐயா, உள்ளே எது கிடைத்தாலும் முதலில் உங்களிடம்தான் காட்டுவேன்.

தராசுத்தட்டு

வாருங்கள். பிலிமையும் எடுத்து வாருங்கள், என் பையன் பார்க்க வேண்டும் என்கிறான். காலை பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள். டியூப்லைட்டில் நான் கல்லுக்கு விலை சொல்வதில்லை.